கனடாவில் பதினேழு, தில்லையடியில் இருபத்துமூன்று

புத்தளத்துத் தில்லையடியில் சப்னாவை அறிந்தவர்கள் இரண்டு வகை. நேரம் இருப்பவர்கள் அவளைக் கண்டால் நின்று கதைப்பார்கள். நேரம் இல்லாதவர்கள் பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவார்கள். எல்லாம் அவளுடைய கேள்விகளால் வந்த வினை. மீன்காரரிடம் மற்றவர்கள் விலை கேட்டால், இவள் இந்த மீன் இந்த மாதத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்பாள். பள்ளிவாசலில் பிறை கண்டதாக அறிவித்தால், கண்டவர் யார், எந்த ஊரில் நின்று கண்டார் என்று விசாரிப்பாள். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை ஒருவர், "இந்தப் பிள்ளை இருக்கிற வகுப்பில் மணி அடித்தால்தான் எனக்கு மூச்சு வரும்" என்று அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உம்மாவிடம் பெருமையாகச் சொன்னவள் அவள்.

படிப்பு முடிந்து கிடைத்த வேலையும் அந்தக் குணத்துக்குத் தோதாக அமைந்தது. முந்தல் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஒன்றில், நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருக்கிற வேலை. குஞ்சு வாங்க வரும் பண்ணைக்காரர்கள் முதலில் கேட்பது, "எத்தனை நாள் குஞ்சு?" என்றுதான். தொட்டியில் நாள் எழுதியிருக்கும். ஆனால் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளில் சில முந்தி வளரும், சில பிந்திக் கிடக்கும். ஆகவே குஞ்சின் தலைக் கொம்பில் எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் அவள் பதில் சொல்லுவாள். எழுதி வைத்த வயது ஒன்று, உடம்பு காட்டும் வயது ஒன்று என்பது அவளுக்கு அங்கே பழகிப்போனது. தன்னுடைய சொந்த விஷயத்திலும் அப்படி ஒரு கூத்து நடந்துகொண்டிருப்பது அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அவளுடைய வாப்பா ஸலாஹுதீன், தொண்ணூறாம் ஆண்டு பதினாலு வயதுப் பையனாக மன்னாரை விட்டுக் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டவர். புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, சிலாபம் போகிற வழியில் ஒரு புடவைக் கடை போட்டு, மெல்ல மெல்லக் காலூன்றினார். இரண்டாயிரத்துப் பத்தொன்பது மே மாதக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. "ரெண்டு தரம் விழுந்திட்டன். மூணாந் தரமும் இதே மண்ணில எழும்ப எனக்கு ஏலாது" என்று சொல்லி, அந்த வருடம் முடிவதற்குள் கனடாவுக்குப் போய் அடைக்கலம் கேட்டார். கேட்டது கிடைப்பதற்கே சில வருடங்கள் எடுத்தன. கிடைத்த பிறகு மனைவி ஜெமீலாவையும், மகள் சப்னாவையும், மகன் ஹில்மியையும் அழைக்க விண்ணப்பம் போட்டார். அது எங்கே நிற்கிறது, எப்போது அசையும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சப்னாவுக்கு இருபத்தொன்று நடந்தபோது அக்கம்பக்கத்தில் ஒருத்தி ஜெமீலாவின் தலையில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டாள். கனடாவில் இருபத்திரண்டு நிரம்பினால் அது பிள்ளைக் கணக்கில் வராதாம், அழைக்க முடியாதாம். ஜெமீலா அன்று முதல் நாட்காட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். சோறு இறங்கவில்லை. தொழுகைப் பாயை விட்டு எழும்பவும் மனமில்லை. சப்னாவுக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் கூட. நேற்றிரவு வரை பிள்ளையாக இருந்தவள் காலையில் எழும்பினால் பிள்ளை இல்லை என்றால், இடையில் அப்படி என்னதான் நடந்திருக்கும்?

வாப்பாவின் சட்டத்தரணியிடம் வேலை செய்கிற நஸ்ஹா என்ற பெண்ணின் இலக்கத்தை வாங்கி வட்ஸ்அப்பில் கேட்டாள். நஸ்ஹாவின் உம்மா கற்பிட்டிக்காரி. அந்த ஒட்டினால் பொறுமையாகக் குரல்பதிவு அனுப்பினாள்.

"பயப்படாதீங்க. இருபத்திரண்டுக்குக் கீழ இருக்கோணும் எண்டது உண்மைதான். ஆனா வயசப் பாக்கிறது இண்டைக்கில்ல. உங்கட வாப்பா இங்க வந்து அடைக்கலம் கேட்டாரே, அந்த நாளையில உங்களுக்கு எத்தன வயசோ அதுதான் கணக்கு. அது பூட்டியாச்சு. நீங்க எவ்வளவு வளந்தாலும் அது மாறாது."

"ஏன் அந்த நாள்? அத யாரு தீர்மானிச்ச?" என்று சப்னா திருப்பிக் கேட்டாள். கேட்காவிட்டால்தான் அதிசயம்.

"கேஸ் பாக்கிறதுக்கு அரசாங்கம் வருஷக்கணக்கா எடுக்குதுதானே? அவங்க சுணங்கினதுக்குப் பிள்ளைக்கித் தண்டனை குடுக்க ஏலாது. அதுக்குத்தான்."

அந்தப் பதில் சப்னாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. தன்னுடைய சுணக்கத்தைத் தானே ஒத்துக்கொள்கிற ஒரு அரசாங்கத்தைப் பற்றி அவள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அன்று உம்மாவைக் கட்டிப்பிடித்து, "உம்மா, கனடாவில எனக்குப் பதினேழு வயசு, தெரியுமா?" என்றாள். ஹில்மிக்கு அங்கே பத்து வயது. மீசை அரும்பி, குரல் உடைந்து, உம்மாவைவிட ஒரு சாண் உயர்ந்து நின்ற அந்தப் பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து ஜெமீலா பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்தாலும் சப்னாவுக்கு ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வாப்பாவும் அந்த விண்ணப்பப் பைலைப் போலவே ஆகிவிட்டாரோ என்று. வாரத்துக்கு இரண்டு தரம் போன் எடுப்பார். பாஸ்போட் புதுப்பித்தாயா, பொலிஸ் அறிக்கை எடுத்தாயா, போட்டோவுக்குப் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதா என்று கேட்பார். அவருக்கு இரவு வேலை, பகலில் நித்திரை. இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அவருக்கும் வேறு என்னதான் கேட்க வரும். "இங்க வந்தா நல்ல பள்ளிக்கூடத்தில சேத்து விடுறன் மகள்" என்று ஒருநாள் சொன்னார். அவள் வேலைக்குப் போகத் தொடங்கி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் திருத்தவில்லை. தூரத்தில் தனியாகக் கிடக்கிற மனுசனிடம் போய் எதைத் திருத்துவது என்று விட்டுவிட்டாள்.

இந்தக் கதைக்குள் மஸாஹிர் வந்தது அந்த இறால் நிலையத்தின் வழியாகத்தான். கண்டக்குழிப் பையன். கடலில் பிடித்த தாய் இறால்களை உயிரோடு கொண்டுவந்து கொடுப்பது அவன் தொழில். வெள்ளைக்காரர்கள் வரும் பருவத்தில் அதே படகில் அவர்களை ஏற்றிக்கொண்டு டொல்பின் காட்டப் போவான். முதல்நாள் அவன் பெட்டியைத் திறந்ததுமே சப்னா தொடங்கிவிட்டாள். எவ்வளவு ஆழத்தில் பிடித்தது, நிலா நாளில் கூடப் படுமா, முட்டை இறாலைக் கை தொட்டதும் எப்படித் தெரியும். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த தரம் வரும்போது கடலில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சப்னாவின் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோய் பதிலோடு திரும்பி வந்த முதல் ஆள் அவன்தான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போனதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மஸாஹிரின் வீட்டார் முறைப்படி வந்து கேட்டார்கள். ஜெமீலாவுக்கு மாப்பிள்ளையில் குறை ஒன்றும் இல்லை. கனடா விஷயம்தான் குறுக்கே நின்றது. அதற்கும் ஒரு வழி சொன்னவர் ஜெமீலாவின் நானா, அதாவது அண்ணன், அலியார். வெங்காயத் தோட்டமும் லொறியும் வைத்திருப்பவர், ஊரில் எந்தச் சிக்கலுக்கும் கையில் ஒரு தீர்வோடு திரிபவர்.

"இதில என்ன யோசினை? நிக்காஹ எழுதி வைப்பம். வலீமாவப் பிறகு வைச்சுக்கொள்ளலாம். புள்ள கனடாவுக்குப் போய்ச் சேந்த பிறகு மாப்பிள்ளைய எடுக்கட்டும். முந்தியே எழுதி இருந்தா எடுக்கிறதும் லேசு."

எங்கள் பக்கத்தில் இது புதிய விஷயம் இல்லை. மாப்பிள்ளை கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறவராக இருந்தால் நிக்காஹ் எழுதி வைத்துவிடுவார்கள். பெண் தன் உம்மா வீட்டிலேயே இருப்பாள். வலீமா விருந்து வைத்து, பெண்ணை மாப்பிள்ளையோடு ஒரு வீட்டில் விட்ட பிறகுதான் ஊர் அவளைக் கலியாணம் முடித்தவள் என்று சொல்லும். அதுவரை யாராவது கேட்டால், "எழுதி மட்டும்தான் இரிக்கி" என்பார்கள். இப்படி எழுதி வைத்துத் தில்லையடியில் பல குடும்பங்களுக்கு நன்மையே நடந்திருக்கிறது. வயதுதான் பூட்டியாயிற்றே, இனி என்ன வந்துவிடும் என்று ஜெமீலாவும் தைரியமானாள். போனில் கேட்டதும் ஸலாஹுதீனும், "எழுதி வைங்க, புள்ளைக்கி ஒரு பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் என்று முடிவானது. இங்கே பின்னேரம் என்றால் வாப்பாவுக்கு அங்கே காலை. வேலை முடிந்து வந்து போனில் இருப்பார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சப்னாவின் மூளையைத் தவிர. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வான் வண்டியில் திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. வயதைப் பூட்டினார்கள் என்றால், வேறு எதையெல்லாம் பூட்டினார்கள்? உயரத்தைப் பூட்டவில்லை, முகத்தைப் பூட்டவில்லை, அதனால்தானே புதிய போட்டோ கேட்கிறார்கள். அப்படியானால் நிக்காஹ்? வானுக்குள் இருந்தபடியே நஸ்ஹாவுக்கு எழுதினாள். அன்று பதில் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. அங்கே வார விடுமுறையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பதில் வந்தது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். உள்ளறையில் அவள் உடுத்து முடித்து இருந்தாள். கையில் மருதோண்டி காயாமல் இருந்ததால் ஹில்மிதான் போனைப் பிடித்துக்கொண்டு குரல்பதிவைப் போட்டான்.

"சப்னா, மன்னிச்சுக்கொள்ளுங்க, இப்பதான் கண்டன். அவசரமாச் சொல்றன். பூட்டினது வயச மட்டும்தான். கலியாணம் கட்டாதவரா இருக்கோணும் எண்டது பூட்டு இல்ல. அது இண்டைக்கும் பாப்பாங்க, விசா குடுக்கிற அண்டைக்கும் பாப்பாங்க. நிக்காஹ் பதிஞ்சா நீங்க வாப்பாட பைலில பிள்ளையா இருக்க ஏலாது. வலீமா வைச்சதா இல்லையா எண்டு இங்க யாரும் கேக்க மாட்டாங்க. இங்க வந்து இறங்கின பிறகு முடிச்சீங்கண்டா பிரச்சினை இல்ல. ஆனா எப்ப வருவீங்கண்டு எனக்குச் சொல்ல ஏலாது."

ஹில்மி போனை மெல்லக் கீழே வைத்தான். "ராத்தா, இப்ப என்ன செய்ற?" என்றான். கனடா என்றால் அவனுக்கு உயிர். தன்னுடைய பயணமும் இதோடு போய்விடுமோ என்ற பயம் அவன் குரலிலேயே தெரிந்தது.

"உம்மாவக் கூப்பிடு" என்றாள் சப்னா.

ஜெமீலா வந்தாள். பின்னால் அலியாரும் வந்தார். குரல்பதிவை இரண்டாம் தரம் போட்டுக் கேட்டார்கள். வெளியே விரித்த பாய்களில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். நிக்காஹ் பதிகிற ஜௌபர் மௌலவி பேனையைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். குசினிப் பக்கமிருந்து புரியாணி வாசம் வந்தது. ஜெமீலா சுவரில் சாய்ந்து நின்றாள்.

அலியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"யாரும் பதறாதீங்க. நாம ஏன் அங்க சொல்லோணும்? எழுதி மட்டும்தானே வைக்கிறம். கனடாக்காரன் தில்லையடிக்கு வந்து பாயத் தட்டிப் பாக்கப் போறானா?"

"மாமா, பதிஞ்சா அது அரசாங்கப் புத்தகம்" என்றாள் சப்னா. "நாளைக்கி அவங்க தேடினா என்ன மட்டுமா தள்ளுவாங்க? பொய் சொன்ன குடும்பமெண்டு உம்மாவையும் ஹில்மியையும் சேத்துத் தள்ளினா?"

"அப்ப நிப்பாட்டுவம்" என்று ஜெமீலா முணுமுணுத்தாள். "பிறகு பாத்துக்கொள்ளலாம். காச்சல் எண்டு சொல்லுவம்."

"பிறகெண்டா எப்ப உம்மா?"

சப்னாவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஆறு வருடமாக ஏங்கியவள் அவள். மஸாஹிரோடு வாழ வேண்டும் என்றும் ஆசைப்பட்டவள். இரண்டில் எது கூட என்று அவள் தன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்டவள் இந்த ஒன்றை மட்டும் தொடாமல் வைத்திருந்தாள்.

அதற்குள் வெளியே போன் மணி அடித்தது. எங்கள் பக்கத்தில் நிக்காஹ்வில் பெண்ணுக்காகச் சம்மதம் சொல்ல வேண்டியவர் அவளுடைய வாப்பா. வொலிகாரர் என்பார்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் போனில் இன்னொருவரைப் பொறுப்பாக்குவார், அதைப் பதிகிறவர் தன் காதாலேயே கேட்க வேண்டும். அப்படித்தான் ஸலாஹுதீன் கனடாவிலிருந்து போனில் வந்துவிட்டார். மௌலவி போனைச் சத்தமாகப் போட்டு ஒரு கதிரையில் வைத்தார். அலியார் வேறு வழியில்லாமல் வெளியே போனார். பொறுப்பேற்க வேண்டியவரே அவர்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். உங்கட பேரச் சொல்லுங்க."

"ஸலாஹுதீன்."

"பிள்ளைட பேர்?"

"பாத்திமா சப்னா."

"வயசு?"

"பதினேழு."

மௌலவி பேனையைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்றீங்க? பதினெட்டுக்குக் கீழ பிள்ளைக்கி நான் பேனை தொடுற இல்ல. இது எனக்கு யாரும் சொல்லல்லியே."

"இல்ல மௌலவி, அது..." என்று அலியார் எழும்பினார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பக்கம் ஸலாஹுதீன் திக்கினார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. ஆறு வருடமாக ஒபிஸ் ஒபிஸாக ஏறி இறங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன சொல் அது. மகள், சப்னா, பதினேழு. நாக்கு அதைப் பாடமாக்கி வைத்திருந்தது. ஆனால் உள்ளறையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சப்னா எழும்பிவிட்டாள். இது நாக்கு தவறியது மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த மனுசனுக்கு வேறு சப்னாவைத் தெரியாது.

மணப்பெண் ஆண்கள் சபைக்கு வருவது வழக்கம் இல்லை. சப்னா முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளறை வாசலில் வந்து நின்றாள். ஜெமீலா பின்னால் சேலையைப் பிடித்து இழுத்தும் அவள் உள்ளே போகவில்லை.

"வாப்பா, எனக்கு இருபத்துமூணு" என்றாள். எல்லோருக்கும் கேட்டது. "இன்னொண்டும் சொல்லோணும். இண்டைக்கி இத எழுதினா நான் உங்கட பைலில இருக்க மாட்டன். நஸ்ஹா இப்பதான் சொன்னா. வயசத்தான் பூட்டி வைச்சிரிக்கி. நிக்காஹப் பூட்டல்ல. எழுதினா நான் அங்க வர ஏலாது. எழுதாட்டி, எத்தன வருஷமெண்டு தெரியாம இருக்கோணும்."

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரே இரைச்சலானது. மஸாஹிரின் பெரிய வாப்பா, "இதெல்லாம் இப்பவா சொல்ற?" என்று கோபப்பட்டார். "கனடாவுக்குச் சொல்லாம எழுதிக்கொள்ளலாம்" என்று அலியார் சமாளிக்கப் பார்த்தார். மஸாஹிர் மட்டும் எழும்பி நின்றான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அவன் சப்னாவைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தே பேசினான்.

"மாமா, நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்க. நான் கோவிக்க மாட்டன். காத்துக்கொண்டும் இருப்பன். ஒளிச்சு வைச்சு எழுதுறதெண்டா மட்டும் நான் இல்ல."

அந்த ஒரு பேச்சில் சப்னாவுக்கு விடை கிடைத்துவிட்டது. இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. காத்திருப்பேன் என்று சொல்கிறவனைக் காக்க வைப்பதுதான் அவளுக்கு ஏலாத காரியமாகப் பட்டது. அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் மருதோண்டி முகத்தில் பட்டுவிடும் என்று அப்படியே நின்றாள்.

"வாப்பா, உங்களப் பாக்காம எனக்கு ஏலாமத்தான் இரிக்கி. ஆனா நான் இங்க இருக்கிறன். உம்மாவும் ஹில்மியும் வரட்டும். என்ட பேர வெட்டச் சொல்லுங்க."

"அல்லாஹ்வே, ஒரு புள்ளைய விட்டுட்டு நான் எப்படிப் போற!" என்று உள்ளே ஜெமீலா ஓவென்று அழுதாள். ஹில்மி அவளைப் பிடித்துக்கொண்டான். அழாதீங்க உம்மா, அழாதீங்க என்று சொல்லிச் சொல்லி அவனும் அழுதான்.

போனில் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று மௌலவி குனிந்து பார்த்தார். அறுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு மனுசன் மூச்சு விடுவது கேட்டது. ஸலாஹுதீன் சம்மதம் சொல்லாமல் அங்கே யாரும் எதையும் எழுத முடியாது. வேண்டாம் என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் நின்றுவிடும். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆறு வருடமாக இரவு பகலாக உழைத்தவர் அவர். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது, காரணமும் இருந்தது. சப்னா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். மருதோண்டி முழுவதும் நிலையில் அப்பிக்கொண்டது.

"மௌலவி" என்றார் ஸலாஹுதீன்.

"சொல்லுங்க."

"முந்திச் சொன்னது பிழை. வயசு இருபத்துமூணு. அப்படியே எழுதுங்க. என்ட மச்சான் அலியாரப் பொறுப்பாக்கிறன். எனக்குச் சம்மதம்."

மௌலவி பேனையை எடுத்தார். அலியார் மஸாஹிரின் கையைப் பிடித்தார். ஓத வேண்டியதை ஓதி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கையெழுத்துப் போட்டு, துஆக் கேட்டு, எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். போனிலிருந்தும் ஒரு ஆமீன் வந்தது. மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் பிந்தி வந்தது.

பிறகு சஹன் என்கிற பெரிய தட்டுகளில் சாப்பாடு வைத்தார்கள். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேராக அமர்ந்து ஆண்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். சற்று முன்னால் கோபப்பட்ட பெரிய வாப்பாவே இறைச்சித் துண்டை அலியாரின் பக்கம் தள்ளிவிட்டார். போன் கதிரையில் கிடந்தபடியே கிடந்தது. யாரும் அதை நிறுத்த நினைக்கவில்லை. ஹில்மி கண்டு எடுத்துக்கொண்டு வந்து ராத்தாவிடம் கொடுத்தான். சப்னா அதைக் காதில் வைத்தாள்.

"வாப்பா, இன்னும் இரிக்கிறீங்களா?"

"இரிக்கிறன் மகள்."

"வேலையால வந்த களைப்பா இரிக்கும். படுங்க."

"படுக்கலாம்." ஸலாஹுதீன் போனை வைக்கவில்லை. "மகள், பதினேழு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். பதினெட்டில என்ன நடந்திச்சி?"

சப்னாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"என்ன வாப்பா கேக்கிறீங்க?"

"ஒவ்வொரு வயசாச் சொல்லிக்கொண்டு வா. பதினெட்டில என்ன செஞ்சாய், பத்தொன்பதில என்ன செஞ்சாய். இருபத்துமூணு வரைக்கும். எனக்கு அவசரமில்ல."

வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே வந்தவளிடம் இப்போது அவளுடைய வாப்பா கேட்டார். எங்கே தொடங்குவது என்று சப்னாவுக்குத் தெரியவில்லை. உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் அமர்ந்தாள்.

"பதினெட்டில கொரோனா வந்திச்சி வாப்பா" என்று தொடங்கினாள். "பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிட்டாங்க. நான் வீட்டிலயே இருந்து..."